பால் கக்கும் பச்சைக் குழந்தை: காத்திருப்பதா, பாலை மாற்றுவதா, மருந்தா, பெங்களூரா?

ஏழு வாரக் குழந்தை, குடித்த பால் அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறாராம். பக்கத்து வீட்டு அக்கா சொட்டு மருந்து கேட்டு வாங்கச் சொல்கிறாராம். மாமியார், உரம் விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறாராம். கெலமங்கலத்திலிருந்து இன்னொருவர், தன் குழந்தை பவுடர் பால் குடிக்கும்போதே வில்லாக வளைந்து அழுகிறது, எந்தப் பவுடருக்கு மாற்றுவது என்று கேட்டிருந்தார். ஊத்தங்கரைக்காரர் ஒருவருக்கு ஒரே கேள்விதான்: எடை ஏறவில்லை, நேராகப் பெங்களூருக்கே போய்விடலாமா?

என் இரண்டாவது மகன் மூன்றாவது வாரத்தில் கக்க ஆரம்பித்து பதினோராவது மாதத்தில்தான் நிறுத்தினான். காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு மேலே சொன்ன வழிகளில் பெரும்பாலானவற்றை நானே பார்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த வழி எப்போது உதவும், எது என்ன விலை கேட்கும் என்று அப்போது யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

பால் ஏன் மேலே வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப் பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்துவிடும். குடிப்பது தண்ணியான பால், படுத்திருப்பதோ எந்நேரமும் மல்லாந்து. அதனால் பால் ஏறி வருகிறது. இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். முதல் மூன்று மாதக் குழந்தைகளில் பாதிப் பேராவது தினமும் ஒரு தடவையாவது கக்கும். நான்காவது மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். உட்காரத் தொடங்கியதும் குறையும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

இதெல்லாம் இருந்தால் ஒப்பிட நேரமில்லை

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது மணிக்கணக்கு முக்கியம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரையுள்ள குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சி அடித்துவிட்டு, மறுபடி பசியோடு அழுதால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்திருக்கலாம். அதை ஸ்கேனில் பார்த்து அறுவை சிகிச்சையில் சரிசெய்வார்கள். வாந்தியில் ரத்தமோ காப்பிப்பொடி மாதிரியோ தெரிவது, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகாமல் இருப்பது, மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் எல்லாமே உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள். குறைமாதக் குழந்தையாக இருந்தால் கீழே சொல்லும் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எதை வைத்து முடிவெடுப்பது?

கக்கும் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் பாலை, அதாவது 5 மில்லியை, தோளில் போடும் துண்டில் ஊற்றிப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். உள்ளங்கையை விடப் பெரிதாக ஈரம் பரவியது. "குடித்ததெல்லாம் போச்சு" என்று நான் தினமும் அழுதது பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பூனுக்குத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது எடை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம், வாரத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் கூட வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணி இல்லாமல் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் போட்டுத் தருவார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது ஒன்றுக்குப் போகிறதா என்றும் எண்ணுங்கள்.

அடுத்தது வலி. கக்கிவிட்டுச் சிரிக்கும் குழந்தையும், கக்காமலே முதுகை வளைத்துப் பாலை மறுத்து அழும் குழந்தையும் ஒன்றல்ல. அதற்கப்புறம்தான் பலன் தெரிய எத்தனை நாள், எவ்வளவு காசு, வீட்டில் யாருடைய உடம்பு தேய்கிறது என்பதெல்லாம்.

| வழி | பலன் தெரிய | கைக்காசு | கண்ணில் படாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| பால் கொடுக்கும் முறையை மாற்றுவது | 1 முதல் 2 வாரம் | இல்லை | அம்மாவின் தூக்கம், இன்னொரு ஜோடிக் கை | எல்லோருக்கும் முதல் படி |
| அம்மா தன் சாப்பாட்டில் பால் பொருளை நிறுத்துவது | 2 முதல் 4 வாரம் | குறைவு | அம்மாவின் சத்து, வீட்டில் வாக்குவாதம் | கக்கலோடு சளி, ரத்தம் கலந்த மலம், தோல் தடிப்பு இருந்தால் |
| பவுடரை மாற்றுவது | சில நாள் முதல் 4 வாரம் வரை | அதிகம் | தாய்ப்பால் வற்றுவது, தண்ணீர் | ஏற்கெனவே பவுடர் குடிக்கும் குழந்தைக்கு |
| அமிலம் குறைக்கும் மருந்து | 2 முதல் 4 வாரம் | நடுத்தரம் | தொற்று வரும் வாய்ப்பு, நிறுத்த மறப்பது | வலியும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் |
| தொலைவான பெரிய ஆஸ்பத்திரி | சொல்ல முடியாது | அதிகம் | பயணம், கூலி இழப்பு | அபாய அறிகுறி, அல்லது உள்ளூரில் பார்த்தும் எடை ஏறாதபோது |

பால் கொடுக்கும் முறையை மாற்றுவது

காசில்லாத வழி என்பதால் பலரும் இதை ஒரு வைத்தியமாகவே நினைப்பதில்லை. பவுடர் குடிக்கும் குழந்தைக்கு ஒரு வேளை அளவைக் குறைத்து, தடவையைக் கூட்ட வேண்டும். ஒரு நாளைக்கான மொத்தம் கிலோவுக்கு 150 மில்லியைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ குழந்தைக்கு அது 600 மில்லி. கெலமங்கலத்துக்காரர் தந்த கணக்கைக் கூட்டினால் 800-க்கு மேல் வந்தது. அவர் மாற்ற வேண்டியது பவுடரை அல்ல, முதலில் அளவை.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு, பால் பீறிட்டு வந்தால் முதல் வேகத்தைத் துணியில் வடியவிட்டு அப்புறம் சேர்க்கலாம். அம்மா சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மேலே கிடத்திக் கொடுத்தால் வேகம் குறையும். நடுவில் ஒரு தடவை, முடித்து ஒரு தடவை ஏப்பம் எடுங்கள். அதன்பின் 20 முதல் 30 நிமிடம் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடியுங்கள். உட்கார வைப்பதாக நினைத்து மடியில் மடக்கி வைத்தால் வயிறு அழுந்தி இன்னும் அதிகமாக வரும். குடித்த உடனே தூளியில் போடுவதும் அப்படித்தான், உடம்பு மடிந்து தாடை நெஞ்சில் முட்டும். அரைஞாண் கயிறும் டயப்பரும் வயிற்றில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பால் கொடுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்திலேயே காலை நேரக் கக்கல் பாதியாகக் குறைந்தது.

தூங்க வைப்பது மட்டும் மல்லாத்தித்தான், சமமான இடத்தில்தான், தலையணை இல்லாமல்தான். புரை ஏறிவிடும் என்று பயந்து ஒருக்களித்தோ குப்புறவோ போடச் சொல்வார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மேட்டில் ஏறினால்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும், தூக்கத்தில் மூச்சு நின்று இறக்கும் ஆபத்தும் கூடும்.

இதற்கான விலை அம்மாவின் தூக்கம். ராத்திரி நாலு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அம்மா வீட்டில் இருக்கும் வரை பாட்டியும் தம்பியும் முறை வைத்துத் தூக்கினார்கள். நம் ஊரில் மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதத்தில் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். கக்கல் உச்சத்துக்குப் போவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான். உதவிக்கு ஆள் இல்லாத வீட்டுக்குப் போவதாக இருந்தால், புறப்படும் நாளை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். கணவர் ராத்திரி பன்னிரண்டு மணிப் பாலுக்கு எழுந்து அரை மணி நேரம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பயிற்சியும் தேவையில்லை.

பாலக்கோட்டுத் தங்கையின் குழந்தை வாரத்துக்கு 200 கிராம் ஏறுகிறது, கக்கிவிட்டுச் சிரிக்கிறது. அவருக்கு இது ஒன்றே போதும்.

உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது, உரை மருந்து

இதை அட்டவணையில் நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் இதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. வேட்டியில் போட்டு உருட்டுவதும், வயிற்றை அமுக்குவதும், வாயில் விரல் விடுவதும் எதுக்களிப்பை நிறுத்தாது. காயம் உண்டாக்கலாம். வசம்பு சுட்டு நாக்கில் தடவுவது, ஜாதிக்காய் உரசிக் கொடுப்பது, கிரைப் வாட்டர், தெருவில் கறந்து தரும் கழுதைப்பால் எல்லாமே ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போக வேண்டிய வயிற்றுக்குள் கிருமியைக் கொண்டுபோகும் வழிகள். சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. பாட்டிமார்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். என் அம்மாச்சியிடம் "இதைச் செய்யாதே" என்று சொல்லிச் சண்டை வந்தது. "நீ குழந்தையை நிமிர்த்திப் பிடி, உன் தோளில்தான் ஏப்பம் சீக்கிரம் வருது" என்று சொன்ன பிறகு சண்டையும் நின்றது, எனக்கு ஒரு ஜோடிக் கையும் கிடைத்தது.

அம்மா பால் பொருளை நிறுத்துவது

சில குழந்தைகளுக்கு மாட்டுப்பால் புரதம் ஒத்துக்கொள்வதில்லை. அம்மா சாப்பிடும் பால், தயிரின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய்ச் சேரும். அப்போது வருவது எதுக்களிப்பு மாதிரியே இருக்கும். கூடவே மலத்தில் சளி அல்லது ரத்தக் கோடு, தோலில் சொறி, ஓயாத அழுகை இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். 2018-ல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை குடல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், அமில மருந்துக்குப் போகும் முன் 2 முதல் 4 வாரம் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறது.

பாதி நிறுத்தினால் பலன் இல்லை. பால் டீ, தயிர், மோர், நெய், பால்கோவா, பிஸ்கட், பால் சேர்த்த சத்து மாவு எல்லாவற்றையும் விட வேண்டும். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குக் கடினமாக இருந்தது பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்காமல் இருக்கலாமா என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்வதுதான். அதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. மதியம் களி, சாயங்காலம் எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. கூடவே சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் விடாமல் போட்டேன்.

மூன்றாவது வாரம் என் மகன் மலத்தில் சளி நின்றது. பால் குடிக்கும்போது வளைவதும் நின்றது. பொங்கலன்று டாக்டர் சொன்னபடி ஒரு டம்ளர் பால் டீ குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் திரும்ப வந்தது. இந்த மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். தானாகக் குறைந்ததைப் பால் நிறுத்தியதால் குறைந்தது என்று நினைத்து, ஒரு வருடம் தேவையில்லாமல் அம்மா தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள்.

பவுடரை மாற்றுவது

தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கு நான் உறுதியாகச் சொல்வது: கக்கலுக்காகப் பவுடருக்குப் போகாதீர்கள். தாய்ப்பால் சீக்கிரம் செரித்து இரைப்பையை விட்டு இறங்கிவிடும். பவுடர் அவ்வளவு வேகமாக இறங்காது. ஒரு மாதம் நிறுத்திவிட்டு, பவுடரும் சரிப்படவில்லை என்று திரும்பி வந்தால் பால் வற்றிப்போயிருக்கும்.

ஏற்கெனவே பவுடர் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு வகை மாற்றம் உண்டு. ஒன்று கெட்டித்தன்மை சேர்த்த பவுடர். வெளியே வரும் பால் குறையும், அமிலம் ஏறுவது அவ்வளவாகக் குறையாது. எடை ஏறாமல் நிறையக் கக்கும் குழந்தைக்கு டாக்டர் இதைச் சொல்லலாம். இன்னொன்று புரதத்தை உடைத்துச் செய்த பவுடர், மாட்டுப்பால் ஒவ்வாமைக்கு. சாதாரணப் பவுடரை விடப் பல மடங்கு விலை, வாசனையும் கசப்பும் அதிகம். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் எப்போதும் இருப்பதில்லை, கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ சொல்லி வைத்து வாங்க வேண்டும். ஒரு டப்பா எத்தனை நாள் வரும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் அரிசிக் கஞ்சியையோ கேழ்வரகுப் பாலையோ கலந்து கெட்டியாக்குவது வேண்டாம். ஆறு மாதத்துக்குள் அது குழந்தைக்கு ஆகாது. தாய்ப்பாலில் கலந்தாலும் பயனில்லை, அதில் இருக்கும் நொதி மாவுச்சத்தைக் கரைத்துத் தண்ணியாக்கிவிடும்.

நம் மாவட்டங்களில் இந்த வழிக்குத் தனியாக ஒரு செலவு உண்டு, அது தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்குழாய்த் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பவுடர் கரைக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து, காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

மருந்து

ஐந்தாவது வாரம் ஒரு தனியார் கிளினிக்கில் என் மகனை எடை கூடப் போடாமல் இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வாரம் கொடுத்தேன். கக்கல் குறையவில்லை, வயிற்றாலை வந்தது. அதன் பிறகு தருமபுரியில் ஒரு அரசு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: ஒமிப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மருந்து கக்குவதை நிறுத்தாது. மேலே வரும் பாலின் எரிச்சலைத்தான் குறைக்கும். எரிச்சலே இல்லாத குழந்தைக்கு அது வெறும் செலவு.

இரைப்பை அமிலம் கிருமியைக் கொல்லும் காவல். அதைக் குறைத்தால் வயிற்றுப்போக்கும் நுரையீரல் தொற்றும் வர வாய்ப்பு கூடும். ஆனால் பாலை மறுத்து, வலியில் துடித்து, எடையும் நின்றுபோன குழந்தைக்கு, பால் பொருளை நிறுத்திப் பார்த்தும் சரியாகாதபோது, இந்த மருந்து உண்மையில் உதவக்கூடியது. அப்போது தயங்கக் கூடாது. 4 முதல் 8 வாரம் என்று முடிவு தேதியோடு தொடங்கி, பால் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன் கொடுத்து, தேதி வந்ததும் டாக்டரிடம் நிறுத்தலாமா என்று நாமே கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை, ஒரு வயது வரை ஓடிக்கொண்டே இருக்கிறது.

நம் பக்கம் வாந்தியை நிறுத்த டோம்பெரிடோன் என்ற சொட்டு மருந்தைச் சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, இதயத் துடிப்பைப் பாதிக்கவும் கூடும். ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு அடர்த்தியில் கிடைக்கின்றன. ஒன்றுக்கான அளவை இன்னொன்றில் கொடுத்தால் பல மடங்கு உள்ளே போய்விடும். ரானிடிடின் என்ற அமிலம் குறைக்கும் பழைய மருந்து வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கலப்பு கண்டறியப்பட்டு, 2020-ல் அமெரிக்காவில் திரும்பப் பெறச் சொன்னார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கினார்கள்.

எந்த ஆஸ்பத்திரி?

ஊத்தங்கரைக்காரருக்கு வருகிறேன். அவர் குழந்தைக்கு ஒன்பது வாரம், கடைசி மூன்று வாரத்தில் மொத்தம் 150 கிராம்தான் ஏறியிருக்கிறது. ஒரு வாரத்தில் ஏற வேண்டியது மூன்று வாரத்தில். இது காத்திருக்கும் நேரமல்ல. ஆனாலும் பெங்களூருக்கு முன் ஒரு படி இருக்கிறது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். எடை பார்ப்பது, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் அங்கேயே முடியும். சிறுநீரில் தொற்று இருந்தால்கூட குழந்தை கக்கும், எடை ஏறாது. இதைப் பார்க்காமல் எதுக்களிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. கூட்டம் அதிகம், டாக்டர் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு, அது உண்மை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கினால் அன்றே பார்த்துவிடலாம்.

அங்கே பார்த்தும் பிடிபடவில்லை என்றால், அல்லது அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு அடுத்த இடம். தருமபுரியிலிருந்து சேலம் அரசு மருத்துவமனை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90. பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை அரசு சார்பில் நடப்பது, ஓசூர் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு அதிகம் சுற்றல் இல்லை. கடிதம் இல்லாமல் நேராகப் போனால் எடை, ஸ்கேன் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு நாள் கூலி, வண்டி வாடகை, சாப்பாடு என்று போகும் காசு, அதே ஸ்கேனை மறுபடி எடுக்கத்தான் போகும்.

எங்கே போனாலும் பையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதற்கு முந்தைய மூன்று நாளில் எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை நிமிடம் அல்லது எத்தனை மில்லி, எப்போது கக்கியது, என்ன நிறம், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது என்று எழுதுங்கள். தாய் சேய் நல அட்டையில் எல்லா எடையும் தேதியோடு இருக்கட்டும். குழந்தை கக்கும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். தருமபுரி டாக்டர் என் மகனின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் அந்த வீடியோவைத்தான் பார்த்தார். பீய்ச்சி அடிக்கவில்லை, வழிந்துதான் வருகிறது என்றார். அப்புறம் எடைக் கோட்டில் விரலை வைத்து, "நீங்க தினமும் எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டார்.